காயாத வியர்வை

மைசூரில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி ஓடிவிட்டு வீடு திரும்பும்போது என் கன்னம் நரநரவென்று இருக்கும். விரலால் தேய்த்தால் பொடி உதிரும். நாக்கில் வைத்தால் உப்பு. தொப்பியின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடும் படிந்திருக்கும். பல வருடங்கள் அதை அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக் கடற்கரைச் சாலையில் முதன்முதலாக அரை மாரத்தான் ஓடிய ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டின் அர்த்தம் புரிந்தது. அன்று கன்னத்தில் உப்பு இல்லை. முழங்கையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. 14ஆவது கிலோமீட்டர் வாக்கில் ஷூவுக்குள்ளிருந்து சளக் சளக் என்று சத்தம் வர, எந்தக் குட்டையில் மிதித்தேன் என்று குனிந்து பார்த்தேன். சாலை உலர்ந்து கிடந்தது. காலில் வழிந்து ஷூவை நிரப்பியிருந்தது என் வியர்வைதான்.

மைசூரில் தோலின் மேல் உப்பு தங்கியது என்றால், தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று பொருள். சென்னையில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே தரையில் விழுந்தன. மெரினாவில் அன்று எனக்கு நேர்ந்த எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

மைசூரிலிருந்து கடற்கரைக்கு ஓடப் போகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் ஏரிக்கரைக் குழுவில் மூத்தவர் ஒருவர் என்னை வழியனுப்பும்போது சொன்னார்: "சாமுண்டி மலை ஏறிப் பழகின காலு சார் உங்களுது. அங்க எல்லாம் சமதளம். போதாததுக்கு ஆக்சிஜன் வேற ஜாஸ்தி. பறந்துடுவீங்க." அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மைசூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நல்ல பசிக்காரன். அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் தன் பங்கை ஏறக்குறைய முழுதாகவே பிடித்துக்கொள்ளும். 770 மீட்டர் உயரத்திலேயே அது கிட்டத்தட்ட நிரம்பித்தான் ஓடுகிறது. நிரம்பிய குடத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? நம்மைப் போல விருப்பத்துக்கு ஓடுகிறவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம்.

எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 42.195 கிலோமீட்டர் ஓடும் முழு மாரத்தானில் அந்தப் பயம் நியாயமானது. அரை மாரத்தான் 21.0975 கிலோமீட்டர். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும் என்பது ஓட்டத்தின் எளிய கணக்கு. 65 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சுமார் 1,370 கிலோகலோரி வருகிறது. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜனே 1,600 முதல் 2,000 கிலோகலோரி தரும். கொழுப்பு வேறு உதவிக்கு வரும். முந்தின நாள் ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கு 21 கிலோமீட்டரில் அடுப்பு அணையாது.

சிக்கல் அடுப்பின் சூட்டில் இருக்கிறது. அந்த 1,370 கிலோகலோரியில் கால்வாசிக்கும் குறைவுதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி சுமார் 1,050 கிலோகலோரி வெறும் வெப்பம். 25 டிகிரியில் இருக்கும் 14 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். கல்யாண வீட்டுக் குண்டான் ஒன்றை உடம்புக்குள் கொதிக்க வைத்துக்கொண்டு ஓடுகிறோம். இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாமல் போனால், 65 கிலோ உடம்பின் வெப்பநிலை ஏறக்குறைய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு டிகிரி ஏறும். 37 டிகிரியில் கிளம்பியவர் நான்காவது கிலோமீட்டரிலேயே 40ஐத் தாண்டி ஆபத்தில் இருப்பார். அப்படி நடப்பதில்லை. நம்மைக் காப்பாற்றுவது வியர்வை.

வியர்வைக்கு எவ்வளவு சக்தி என்பதை 1774ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் காட்டினார். உலர்ந்த காற்றுள்ள ஓர் அறையைத் தண்ணீரின் கொதிநிலைக்கும் மேலே சூடாக்கி, நண்பர்களுடன் உள்ளே போய் நின்றார். ஒரு கட்டத்தில் வெப்பமானி 260 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 127 செல்சியஸ் காட்டியது. அதே அறையில் வைத்த முட்டையும் இறைச்சியும் வெந்துபோயின. மனிதர்கள் வெளியே நடந்து வந்தார்கள். இறைச்சிக்கு வியர்க்கத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதே விஞ்ஞானம் நம் வீட்டு மண்பானையிலும் இருக்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 580 கிலோகலோரி வேண்டும். அதைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சித்திரை வெயிலில் திருச்சியிலோ வேலூரிலோ பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே பானையை ஐப்பசி மழையில் வைத்துப் பாருங்கள். வெளியெல்லாம் ஈரமாக இருக்கும், உள்ளே தண்ணீர் குளிர்ந்திருக்காது. பானை வியர்க்கிறது, அந்த வியர்வை காயவில்லை.

ஓடுகிறவர் உடம்பும் ஒரு பானைதான். 580 கிலோகலோரி என்ற அந்த எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டால், 1,050 கிலோகலோரி வெப்பத்தை முழுக்க வெளியேற்ற 1.8 லிட்டர் வியர்வை போதும். முழுக்க ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சொட்டி விழுந்த வியர்வை உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை. அன்று கிளம்பும் முன் எடை பார்த்தேன்: 65.2 கிலோ. முடித்து, துவட்டிக்கொண்டு பார்த்தபோது 63.1. நடுவில் குடித்தது 800 மில்லி இருக்கும். ஆக, ஏறத்தாழ 2.9 லிட்டர் போயிருக்கிறது. தேவைப்பட்டது அதிகபட்சம் 1.8. ஒரு லிட்டருக்கும் மேல் மெரினாவின் காமராஜர் சாலைக்குத் தானம்.

கடலோரத்தில் ஏன் காய்வதில்லை? ஈரப்பதம் என்று எல்லோரும் சொல்வோம். அந்தச் சொல்லில் ஒரு பொறி உண்டு, நானும் அதில் விழுந்தவன். ஓட்டத்துக்கு முந்தின வாரம் கைப்பேசியில் பார்த்தேன்: விடியற்காலை மைசூரில் ஈரப்பதம் 85 சதவீதம், சென்னையில் 88. மூன்று சதவீதம்தானே என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்தச் சதவீதம் ஒரு விகிதம் மட்டுமே என்பதை மறந்துவிட்டேன். அந்தந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சூடான காற்று பெரிய அண்டா, குளிர்ந்த காற்று சின்னச் சொம்பு. 16 டிகிரியில் 85 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 11.5 கிராம் நீராவி. 23 டிகிரியில் 88 சதவீதம் என்றால் 18 கிராம். 33 டிகிரியில் இருக்கும் ஈரத் தோலை ஒட்டிய காற்றில் சுமார் 36 கிராம் இருக்கும். இந்த 36க்கும் வெளிக்காற்றின் எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் வியர்வையை உறிஞ்சி இழுக்கும் விசை. மைசூரில் அந்த இடைவெளி 24 கிராமுக்கு மேல், சென்னையில் 18. கால்வாசி விசை அங்கேயே போய்விட்டது. தோலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசமும் 17 டிகிரியிலிருந்து 10 ஆகச் சுருங்குகிறது. காற்று நேரடியாக அள்ளிச் செல்லும் சூடும் குறைகிறது.

ஆகவே ஈரப்பதச் சதவீதத்தை விட்டுவிட்டுப் பனிநிலையைப் பாருங்கள். காற்றை எந்த வெப்பநிலை வரை குளிர்வித்தால் பனி படியத் தொடங்குமோ, அந்த எண். மேலே சொன்ன மைசூர்க் காலையில் அது 13, 14 டிகிரி. சென்னையில் 21. ஏழெட்டு டிகிரி வித்தியாசத்தை மூன்று சதவீதம் மறைத்துவிட்டது. வானிலைச் செயலிகள் பலவற்றில் இந்த எண் எங்கோ கீழே இருக்கும், தேடி எடுங்கள்.

கடல் பக்கத்தில் இருக்கும்போது காற்றாவது வீசாதா? இந்த நம்பிக்கையோடுதான் நானும் போனேன். ஓட்டத்துக்கு மறுநாள் காலை மெரினாவை அடுத்த மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன், "நேத்து காத்தே இல்லையே, ஐயா?"

"காலைல ஏது கடக்காத்து? வெயில் ஏறி தரை சுடணும் தம்பி, அப்பறந்தான் கடல்லேர்ந்து வரும். விடியறப்ப கரைலேர்ந்து கடலுக்குப் போறதுதான். அந்தக் காத்துலதான நாங்க கடலுக்குப் போவோம்."

பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதி மறந்ததைப் பாய்மரக் காலத்திலிருந்து பயன்படுத்தி வரும் சமூகத்தின் வாயிலிருந்து கேட்டேன். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகும்; அதன் மேலுள்ள காற்று எழும்பும்; அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். இரவில் எல்லாம் தலைகீழ். ஓட்டப் போட்டிகள் நடக்கும் விடியற்காலையோ இரண்டுக்கும் நடுவிலுள்ள மந்தமான நேரம். அன்று வடக்கிலிருந்து லேசாகக் காற்று இருந்தது உண்மை. நான் ஓடியது தெற்கு நோக்கி. மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் முதுகில் 9 கிலோமீட்டர் காற்று அடித்தால் அவனைப் பொறுத்தவரை காற்றே இல்லை. உடம்பைச் சுற்றி அவனுடைய ஆவியே ஒரு போர்வை போலக் கூட வரும். திரும்பி வடக்கே ஓடத் தொடங்கியதும் முகத்தில் பட்ட அந்தச் சின்னக் காற்றை இன்றும் மறக்கவில்லை.

இத்தனைக்கும் விலை கொடுப்பது இதயம். தோல் சூட்டை வெளியேற்ற வேண்டுமானால் ரத்தம் தோலுக்குப் போக வேண்டும். ஓட வேண்டுமானால் அதே ரத்தம் கால் தசைக்கு வேண்டும். வியர்வையாகப் போன நீரில் கணிசமான பங்கு ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்பட்டது. மொத்தக் கையிருப்பே குறைந்துவிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைய, இதயம் அதிக முறை துடித்து ஈடுகட்டுகிறது. ஒரே வேகத்தில் ஓடினாலும் நாடி 150லிருந்து 165க்கு ஏறுவது இதனால்தான். குக்கரஹள்ளியில் எனக்குச் சுகமாக இருந்த வேகத்தில் மெரினாவில் 12ஆவது கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டியது. கால் வலுவாகத்தான் இருந்தது. சாமுண்டிப் படிகள் கொடுத்த வலு எங்கும் போகவில்லை. குளிர்விக்கும் வேலையும் ஓட்டும் வேலையும் ஒரே பம்பில் நடந்ததுதான் பிரச்சினை.

இதில் நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதல் பாதகம் ஒன்றும் இருக்கிறது. ஓட்ட வீரர் அவினாஷ் சாப்ளே 2020 நவம்பரில் டெல்லியில் அரை மாரத்தானை 60 நிமிடம் 30 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். நாம் 21 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரம் ஓடுகிறோம். அவரைப் போன்றவர் ஐந்து மணிக்குக் கிளம்பினால் இருட்டிலேயே முடித்துவிடுவார். நமக்குக் கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டர் வெயிலில். ஏழு மாரத்தான்களின் பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஒரு கட்டுரை, வெப்பம் கூடக்கூட எல்லோரும் மெதுவாகிறார்கள், மெதுவாக ஓடுகிறவர்கள் இன்னும் அதிகமாக மெதுவாகிறார்கள் என்று காட்டியது.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. சென்னையின் முன்னாள் மேயரும் 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவருமான மா. சுப்பிரமணியன் சர்க்கரை நோயாளி. சாலை விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். நடுவயதுக்குப் பிறகு ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். 2023 ஆகஸ்ட் 6 அன்று சென்னையில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் 73,206 பேர் பங்கேற்றது கின்னஸ் சாதனை ஆனது. ஆகஸ்ட் மாதச் சென்னைக் காலை எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, முடியும். அந்தக் காற்றிலேயே வாழ்ந்து பழகிய உடம்பு ஒரு காரணம்.

பழக்கம் என்று சொன்னால் மனதின் பழக்கம் என்று நினைத்துவிடுகிறோம். இது ரத்தத்தில் நடக்கும் மாற்றம். தினமும் சூட்டில் உழைத்தால் முதல் ஐந்தாறு நாளிலேயே பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. பத்துப் பதினான்கு நாளில் வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் ஆழத்தில், ஈரமும் சூடும் நிறைந்த குழிகளில் இறங்கும் முன் தொழிலாளர்களைப் பல நாள் படிப்படியாகப் பழக்கினார்கள். இந்த அறிவின் ஒரு பகுதி அவர்களுடைய உடம்பிலிருந்து பெறப்பட்டது. நாமோ சனிக்கிழமை விடியற்காலை காவேரி எக்ஸ்பிரஸில் வந்து சென்ட்ரலில் இறங்கி, ஞாயிறு விடியலில் ஓடுகிறோம். ஒரு நாளில் ரத்தம் மாறாது.

மைசூரிலேயே இருந்துகொண்டு தயாராக ஒரு வழி இருக்கிறது, அதற்கு வெந்நீர் போதும். வேல்ஸிலுள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான குளிரில் ஓடிய உடனே 40 டிகிரி வெந்நீரில் 40 நிமிடம் வரை அமிழ்ந்திருந்தவர்கள், ஆறே நாளில் சூட்டுக்குப் பழகியிருந்தார்கள். நான் இரண்டாம் முறை சென்னைக்குப் போகும் முன் இதைச் செய்தேன். வீட்டில் தொட்டி இல்லை. ஏரியிலிருந்து வந்ததும் பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்துக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டேன். அமிழ்வதற்கு இது சமமாகாது. ஆனாலும் அந்த ஆவியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடற்கரையின் நல்ல ஒத்திகை. தலை சுற்றினால் உடனே எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அண்ணா, இன்னொரு கப் குடிங்க, வெயில் வந்துடுச்சு" என்று ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் கல்லூரிப் பிள்ளைகள் அன்போடு நீட்டுவார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்புக்குக் கீழே போயிருந்தது. வழியில் குடித்த நீரின் அளவு அதற்கு முக்கியக் காரணம். அந்த ஆண்டு ஒரு இளம்பெண் அதனாலேயே இறந்தார். இழப்பது உப்புநீர் என்பதால் உப்பும் வேண்டும். 1971 வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலராவுக்கு மருத்துவர் திலீப் மகலாநபிஸ் கொடுத்த உப்பு சர்க்கரைக் கரைசலின் தத்துவம் இங்கேயும் பொருந்தும்: குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துச் செல்கின்றன. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு அதே வேலையைச் செய்யும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எத்தனை குடித்தாலும் காயாத வியர்வை காயாது. அதற்கு மருந்து ஒன்றுதான், வேகத்தைக் குறைப்பது. பனிநிலை 20ஐத் தாண்டினால் நான் மைசூர் வேகத்தில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் விட்டுக்கொடுக்கிறேன், அதுவும் முதல் கிலோமீட்டரிலிருந்தே. இரண்டாம் முறை முதல் தடவையைவிட ஆறு நிமிடம் முன்னதாக முடித்தேன்.

கடைசியாக, நம் ஊர் ஓட்டங்களில் நான் போதுமான அளவு பார்க்காத ஒன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் ஃபால்மவுத் என்ற ஊரில் 1973 முதல் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் 11 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. ஓடுவோரில் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள். ஈரமும் சூடும் அங்கே பலரைச் சாய்த்திருக்கின்றன. முடிவுக் கோட்டருகே பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டிகள் தயாராக இருக்கும். விழுந்தவரை முதலில் அதில் இறக்குவார்கள், ஆஸ்பத்திரி அப்புறம். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். 18 ஆண்டுகளின் பதிவுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். வெப்பத்தாக்கு வந்தவர்கள் 274 பேர். ஒருவர்கூட இறக்கவில்லை.

கடற்கரையில் உங்களோடு ஓடுகிறவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கேட்ட கேள்விக்கு எரிந்து விழுந்தால், நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஈரமான நெற்றி குளிர்ந்திருக்கும், உள்ளே 40 டிகிரி தாண்டியிருக்கும். நிழலில் படுக்க வையுங்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் கிடைத்த தண்ணீரை, கிடைத்த ஐஸை, நனைத்த துண்டை உடம்பு முழுக்கப் போட்டு விசிறுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.